தரம்

வெருலம் பேருந்து நிலையத்துக்கு எதிரே என் கடை.
சிந்தாமணி கோவெண்டர் கைக்குட்டையைப் பிரித்தாள்.
ஐந்து ஷில்லிங், வெள்ளி,
ஆற்றுக்கூழாங்கல்லாய் வழவழ.

"தேய்ச்சீங்களா?"
"வெள்ளிக்கிழமை தவறாம, திருநீறு போட்டு.
கப்பலேறி வந்த நம்மவங்களோட
நூறாவது வருஷத்துக்கு அடிச்ச காசு.
அப்பா சொன்னார்."

லென்ஸைக் கண்ணில் வைத்தேன்.
யூனியனின் ஐம்பதாண்டுக்கு அடித்தது.
பின்புறம் பாராளுமன்றம்;
அவள் அப்பாவுக்கு அங்கே ஓட்டில்லை.
நமக்கென்று எவனும் அச்சு வெட்டவில்லை.
தவிர, இது அபூர்வமும் இல்லை,
டர்பனில் தட்டுத்தட்டாய்க் கிடைக்கும்.
தேய்த்ததற்கு எடைக்கு எடை, அவ்வளவுதான்.

சொல்ல வாயெடுத்தேன்.
வெளிச்சத்தில் சாய்த்தால்,
இரண்டு ஆண்டுகள் இருக்க வேண்டிய இடத்தில்
1910 இல்லை.
கட்டைவிரல் வாகாய்ப் படுகிற பக்கம் அது.

கண்ணாடிக்குள்
பிறந்த நாளிலிருந்து விரல் படாத பிரூஃப் காசுகள்
தம் விலைச்சீட்டுகளோடு.

"எவ்வளவு வரும்?
கியர்பாக்ஸுக்கு எண்ணூறு ராண்ட் இடிக்குது."

தராசை இழுத்தேன்.
முள் நிற்கட்டும் என்று இருவரும் காத்தோம்.
விலை சொன்னேன். உதட்டைக் கடித்தாள்,
கைக்குட்டையை மறுபடி மடித்தாள்.

"வருஷமாவது தெரியுதா அதுல?"

"தெரியுது," என்றேன்.
"அறுபது."