பற்று வரவு

வேலந்தாவளம். புதன். இரவு இரண்டு பத்து.
சோதனைச் சாவடியில் பதினொரு லாரி:
தக்காளி ஆறு, வைக்கோல் மூன்று, மாடு ஒன்று,
தார்ப்பாய் மூடியது ஒன்று.
கிழக்கிலிருந்து காற்று.
டீக்கடை சபூரா துயரத்தோடு
பெஞ்சில் உட்கார்ந்தார்

என்று எழுதியிருந்தேன்.

அடுப்பு வெளிச்சத்தில் நோட்டை வாங்கி
எழுத்துக் கூட்டி வந்தவர் அந்த இடத்தில் நின்றார்.
'தொயரமா? ஆரு சொன்னா?
சடவுன்னு எழுது. காலு சடவு.
மலையாளத்துல க்ஷீணம்னுவாங்க.
தொயரத்துக்கெல்லாம் நான் உக்கார மாட்டேன்.'

அடித்தேன்.
அடித்த கோட்டுக்குக் கீழும்
அந்தச் சொல் தெரிந்துகொண்டுதான் இருந்தது.

அறைக்குத் திரும்பியதும், விடியுமுன்,
வரிகளை மடக்கி மடக்கி எழுதுவேன்,
அவருக்கு மூச்சு வாங்கிய இடங்களில்.
பத்தியாக எழுதினால்
அவர் இருமல் எங்கேயோ விழுந்துவிடுகிறது.
'இது தரவா, கவிதையா?'
சிவப்பு மையில் நெறியாளர் ஓரத்தில் கேட்டிருந்தார்.
பதில் எழுத ஓரத்தில் இடமில்லை.

பெயர்களை மாற்ற வேண்டும், அது விதி.
சபூராவும் சபூரா இல்லை.

மாற்றுப் பெயர் தேடிக்கொண்டிருந்த வாரத்தில்தான்
டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால் செருகியிருந்த
தன் கடன் நோட்டை எடுத்துக் கொடுத்தார்.
ஒரு பெயர்கூட இல்லை அதில்.

'நீல லாரி, ஒத்தக் கடுக்கன். 3 டீ.
கொழிஞ்சாம்பாறை வைக்கோலு. 2 டீ, 1 பன்னு. இன்னிக்கிப் பேசல.
தெலுங்குப் பாட்டு. 4 டீ.
மக பொறந்திருக்கு. 1 டீ. தள்ளிட்டேன்.
மாட்டு லாரி. டீ வேண்டான்னான். தண்ணி கேட்டான், மாட்டுக்கு.'

பத்து மாதம் இதே பெஞ்சில் இருந்திருக்கிறேன்.
அந்தத் தண்ணீர் என் நோட்டில் இல்லை.
மாடு ஒன்று
என்று மட்டும் இருக்கிறது.

கடைசிப் பக்கத்தில் ஒரு வரியைக்
கட்டைவிரலால் மறைத்துக்கொண்டார்.
என்ன என்று கேட்கவில்லை.
கேட்காததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அதற்கு மேல்வரியில் நான்:
'எழுதற பொண்ணு. டீக்காசு குடுத்துட்டா.
கேட்டது பாக்கி.'

சாவடிக் கம்பம் உயர்ந்தது.
வைக்கோல் லாரி ஒன்று உரசிக்கொண்டு போனது,
பெஞ்சில், நோட்டில், டீயில் துரும்பு.
மணி பார்க்கவில்லை.