திங்கட்கிழமை விடுமுறை

காலை பத்துக்கு எங்களை இறக்கிவிட்டார்கள்,
நாலு மணிக்கு எண்ணி எடுத்துக்கொள்வதாக.
சட்டையில் பச்சை ஒட்டுத்தாள், எண் பதினான்கு.
கில்முய் என்றது கையில் கொடுத்த தாள்.
சிலோயே தீவு, கிழக்குக் கரை, மக்கள்தொகை ஆயிரத்து நூறு.
கப்பலில் நாங்கள் இரண்டாயிரத்து எண்ணூறு பேர்,
சமையல்காரர்களைச் சேர்க்காமல்.

மழை பெய்துகொண்டிருந்தது.
ஊரில் ஒருவரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.
எங்கள் குடைகளைத் தவிர வேறு குடை இல்லை.
கம்பளிக் காலுறை விற்பவள்
விலையை வாயால் சொல்லாமல்
கால்குலேட்டரில் தட்டித் திருப்பிக் காட்டினாள்.
ஒரு நாய், யாரையும் தேர்ந்தெடுக்காமல்,
எல்லோரோடும் பத்துப் பத்தடி நடந்தது.

வரைபடத்தில் நட்சத்திரம் போட்டிருந்த தெரு.
மீன் செதிலாய் மரச்சில்லு பதித்த வீடு,
பின்பாதி கடலுக்குள்
மரக்கால் ஊன்றி நின்றது.
கதவு திறந்திருந்தது.
நுழைந்தேன்.

இரும்பு அடுப்பு. அதன்மேல் ஒரு கெண்டி,
நிஜமாகவே கொதித்துக்கொண்டிருந்தது.
எத்தனை நுணுக்கம் என்று வியந்தேன்.
கொடியில் ஈரக் காலுறைகள் ஏழு.
சால்மன் தொழிற்சாலையின் நாட்காட்டி,
சில தேதிகளைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.
பாதி தோலுரித்த உருளைக்கிழங்கில்
கத்தி செருகியபடியே.
கண்ணாடித் தடுப்பு இல்லை, கயிறு இல்லை,
தொடாதீர்கள் என்று எங்கும் எழுதியில்லை.
ஆகவே கையைக் கட்டிக்கொண்டேன்.

உள்ளிருந்து ஒரு பெண் வந்தாள், முழங்கை வரை மாவு.
என் ஒட்டுத்தாளைப் பார்த்தாள்.
தரையில் என் காலணி விட்ட சேற்றைப் பார்த்தாள்.
எதுவினா, என்றாள்.
எந்தக் கேள்வி என்று கேட்கிறாளோ என விழித்தேன்;
அது அவள் பெயர்.
பிறகு ஏதோ முடிவுக்கு வந்தவளாய்
கையைத் துடைத்துக்கொண்டு காட்டத் தொடங்கினாள்.

சீருடையில் ஒரு பையன், சட்டமிட்ட படம்.
குளிர்பெட்டி. அதையும் திறந்து காட்டினாள்.
தரையில் ஒரு பலகையைத் தூக்கினாள்,
கீழே கடல்,
பச்சையாய், மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கி.
கிணறா, வாசலா, குப்பைக்கூடையா என்று
கேட்க என்னிடம் மொழி இல்லை.
மூன்றுக்கும் சேர்த்துத் தலையாட்டினேன்.

கடைசியில் ஒரு திரையை விலக்கினாள்.
கட்டில். கட்டிலடியில் ரப்பர் பூட்ஸ்.
போர்வைக்குள் ஒரு மனிதன்.
ரோசாமெல், என்றாள்,
உள்ளங்கையில் கன்னம் சாய்த்து,
பிறகு ஜன்னலை, இருட்டை, மீனை
விரல்களால் வரைந்து.
தத்ரூபம், என்று நினைத்துக்கொண்டேன்.

மெழுகுப் பொம்மைகள் புரண்டு படுப்பதில்லை.

காது சுட்டது. வாசலைத் தேடினேன்.
அவளோ நாற்காலியை இழுத்துப்போட்டாள்.
அந்தக் கெண்டியிலிருந்தே தேநீர்.
இருவரும் பேசாமல் குடித்தோம்,
பேசினால் விலக வேண்டிய ஏதோ ஒன்று
எங்கள் நடுவே உட்கார்ந்திருந்ததுபோல்.
எழுந்தபோது இரண்டாயிரம் பெசோ நீட்டினேன்.
மறுப்பாள் என்றிருந்தேன்.
வாங்கினாள், யோசித்தாள்,
சாவிக் கிண்ணத்தைக் கிளறி
ஐந்நூறு திருப்பித் தந்தாள்.

அடுத்த கதவில் பித்தளைப் பலகை: அருங்காட்சியகம்.
பூட்டு. திங்கட்கிழமை விடுமுறை.

நாலு மணிக்கு எண்ணி எடுத்துக்கொண்டார்கள்.
கடல் வற்றியிருந்தது. வீடுகள் எல்லாம்
பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி
சேற்றில் நின்றன. படகுகள் ஒருக்களித்துக் கிடந்தன.
மேல்தளத்தில் யாரோ தொலைநோக்கியைக் கொடுத்தார்.
தெருவைத் தேடி, செதில் சுவரைத் தேடிக் கண்டுபிடித்தேன்.

மஞ்சள் ஒட்டுத்தாள்காரர்களுக்கு ஐந்தரை வரை நேரமுண்டு.
ஆறேழு பேர் வாசலில்
குடையை உதறிக்கொண்டு நின்றார்கள்.
ஒரு மாவுக்கை, கிண்ணம் ஒன்றை
ஜன்னல் விளிம்பில் வைத்தது.

என்னால்தான்.
அந்த மனிதருக்கு இரவு வேலை.
கொஞ்சமாவது தூங்கவேண்டுமே, என்றேன் சத்தமாக.
பக்கத்தில் நின்றவர் யார் என்று கேட்டார்.
அதற்குள் கப்பல்
மூன்று முறை ஊதிவிட்டது.