மேற்கு மூலை

முதல் தடவை பாவாயி கொண்டுவந்த மண்
ஜவ்வரிசி மூட்டையைக் கிழித்துத் தைத்த பையில் இருந்தது.
கறுப்பு. விரலில் ஒட்டியது.
சேலத்து ஆய்வுக்கூடத்தில் ஒன்பது வருடமாக
நான் சலித்துக் கொட்டும் பேளூர்ப் பக்கத்து மண்
இப்படி இருக்காது.
ஏற்காட்டில் சில்வர் ஓக் நிழலில்
காப்பிச் செடிக்கடியில் கிடப்பது போல் இருந்தது.

கரிமம் 1.04.

"எந்த எடத்துல எடுத்தீங்க?"
"மேக்கு மூலைலங்க. ஆட்டுப்பட்டி நிக்கிற எடம்."
"அங்க எதுக்கு?"
"மொதமொதல்ல வெளியாளுக்குக் காட்டறோம்.
நல்லதத்தானே காட்டோணும்."

பதிவேட்டில் அந்த எண்ணைக் குறுக்கே அடித்தேன்.
மரவள்ளிக் காடு முழுக்கக் கோணல்மாணலாக நடந்து
பத்து இடத்தில் குழி வெட்டி,
முக்கால் சாண் ஆழத்துக்குச் சுரண்டி,
கலந்து, நாலாகப் பிரித்து,
எதிரெதிர்ப் பங்கைத் தள்ளிவிட்டு
மிச்சத்தைக் கொண்டுவரச் சொன்னேன்.
வரப்பு, மரத்தடி, எருக்குழி, பட்டி
எதுவும் கூடாது.
"இருக்கறதுலயே மோசமா பாத்து அள்ளோணுமாக்கும்."
இல்லை, சராசரி என்றேன்.
அந்தச் சொல் அவருக்குப் பிடிக்கவில்லை.

பதினோரு நாள் கழித்து வந்தது சராசரி.
செங்கல்பொடி நிறம்.
பையைத் தட்டினால் புகைந்தது.

கரிமத்தை அளக்க வேண்டுமென்றால்
முதலில் அதை எரித்துவிட வேண்டும்.
குடுவையில் ஆரஞ்சுக் கரைசல், அதன்மேல் அமிலம்.
தொட முடியாமல் சுடும்.
வேரும் சருகும் புழுவும் சாணமுமாக
எத்தனை ஐப்பசி சேர்த்து வைத்ததோ,
அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.
அது தின்றதுபோக மிஞ்சிய ஆரஞ்சைத்தான்
சொட்டுச் சொட்டாக முறித்துக் கணக்கெடுப்போம்.
வளமான மண்ணுக்குச் சீக்கிரம் முடியும்.
ஒன்றுமில்லாத மண்ணுக்குத்தான்
சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

சொட்டிக்கொண்டே இருந்தேன்.
சன்னலுக்கு வெளியே
மேக்னசைட் வெட்டி வெளுத்த கரடு.
குடுவைக்குள் ஊதா கறுத்துத் தயங்கி
ஒரே சொட்டில் பச்சையானது.

0.31.

"பெயிலுங்களா?"
"கொறைவுங்க. பெஞ்ச தண்ணி நிக்காது,
போட்ட உரமும் நிக்காது."
"அது எனக்கே தெரியுமுங்க.
கெழங்கு மில்லுக்குப் போயிருது.
தோலு மில்லுலயே நின்னுக்குது.
குச்சிய வெதைக்கு வித்தர்றோம், மிச்சம் அடுப்புக்கு.
காட்டுக்கு என்ன திரும்பி வருது?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு,
"அன்னிக்கு அடிச்சீங்களே, அந்த நெம்பரு?"
சொன்னேன்.
"அதுவும் இதே காடுதானுங்களே."

ஒன்பது வருடத்தில்
எத்தனை எண்ணை இப்படி அடித்திருப்பேன்.

மேசையிலேயே கணக்குப் போட்டார், விரல்களால்.
பதினோரு ஆடு. நாலு படல்.
மூன்று ராத்திரிக்கு ஒருமுறை படலை நகர்த்தினால்
ஒரு சென்ட்டுக்கு ஒன்பது ராத்திரி.
இரண்டு ஏக்கர்.
நான் கால்குலேட்டரைத் தட்டினேன்:
ஏறக்குறைய ஐந்து வருடம்.
"கெழங்கு நிக்கிற காட்டுக்குள்ள பட்டி எப்படிங்க போடறது?
பாதிக் காட்டைச் சும்மா போட்டாத்தான் ஆகும்.
அந்தப் பாதிக்கு வெள்ளாமை யாரு தருவாங்க?"
என்னிடம் அதற்குக் கரைசல் இல்லை.
தக்கைப்பூண்டு விதைக்கலாம் என்றேன்,
பூக்கும்போது மடக்கி உழலாம்,
மெதுவாகத்தான் ஏறும் என்றேன்.
எவ்வளவு மெதுவாக என்று கேட்டார்.
பாயிண்ட்டுக்கு அப்புறம் இரண்டாவது இலக்கத்தைத்
தொட்டுக் காட்டினேன்.
சிரித்தார். எரிச்சலில்தான்.

அட்டையில் ஒரு எண்ணுக்குத்தான் கட்டம் உண்டு.
பின்பக்கம் பென்சிலில் எழுதிக் கொடுத்தேன்:
மேற்கு மூலை, 1.04.

வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.
"அந்த மொதப் பை மண்ணு மிச்சம் இருக்குதுங்களா?"
இருந்தது. குப்பைக்குப் போக வேண்டியது.
கால் கிலோகூட வராது.
"குடுங்க" என்று வாங்கி
முந்தானையில் முடிந்துகொண்டு
வாழப்பாடி பஸ்ஸுக்கு நடந்தார்.