முப்பத்தேழாவது அறை

ஆந்தைக்குத் தள்ளத்தான் தெரியும்.
இழுக்கத் தெரியாது.
மூலைக்குப் போன விளக்கு
போனதுதான்.
இந்த ஒரே விதியை வைத்துக்கொண்டு
முப்பத்தாறு அறைகள் கட்டியிருந்தோம்,
விளையாட்டைச் செய்தவர்கள்
கடையைச் சாத்திவிட்டுப் போன பிறகு.

பிர்னோ சரக்கு நிலையத்தில் எனக்கு இரவு வேலை.
ரயில் பெட்டிகளைப் பிரிப்பேன், கோப்பேன்.
ஜனவரியில் ஒரு நாள்
மூன்றாம் பெட்டி முதலில் வேண்டும் என்றார்கள்.
முதல் பெட்டியை
அது போகவே கூடாத தடத்துக்கு அனுப்பினால்தான்
மூன்றாவது வெளியே வரும்.
கையுறையைப் பல்லால் உருவி
பணிச்சீட்டின் பின்பக்கம் கட்டம் போட்டேன்.
பேனா உறைந்திருந்தது.
பென்சில் எழுதியது.

எனக்கு வேலை முடியும் நேரம்
வால்பரைசோவில் எவுலாலியா மாவு பிசையும் நேரம்.
படத்தை அனுப்பினேன்.
ஒரே ஒரு சுவர்க்கல்லை எடுத்துவிட்டுத்
திருப்பி அனுப்பினாள்.
ஏன் என்றேன்.
"தட்டோடு திரும்ப
அடுப்புக்கு முன்னால் கொஞ்சம் இடம் வேண்டாமா?"

இரண்டு நாள் நான் பதில் போடவில்லை.
மூன்றாம் நாள் விளையாடிப் பார்த்தேன்.
அந்தக் காலிக் கட்டத்தில்
தள்ள ஒன்றுமில்லை, தடுக்க ஒன்றுமில்லை.
ஆந்தை சும்மா நின்றது.
நின்றபோதுதான் கண்ணில் பட்டது:
இரண்டாம் விளக்கை நான்
தவறான பக்கத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தரையில் பனி பரப்பினேன்.
ஜன்னலை ஒரு கட்டம் இடப்பக்கம் தள்ளினாள்.
வலப்பக்கம் வைத்தேன்.
மறுபடி இடப்பக்கம்.
பதினோரு முறை இப்படி,
ஒரு சொல்கூடப் பேசாமல்.

அறுபத்திரண்டு அடி. குறைக்கவே முடியாது
என்று சத்தியம் செய்துகொண்டு
லுப்ளினில் இருக்கும் போக்னாவிடம் கொடுத்தோம்.
பல் மருத்துவமனையில் உதவியாளர் அவள்.
ஒரு நோயாளி எழுந்து போய்
இன்னொருவர் வாய் திறப்பதற்குள்
பத்தொன்பது அடியில் முடித்துவிட்டாள்.
"இது சரியா?" என்று வேறு கேட்டாள்.

ஓட்டையை அடைத்தேன்.
வேறிடத்தில் திறந்தது.
அதையும் அடைத்தேன்.
மேல் பொத்தானைத் தப்பாகப் போட்ட சட்டை போல
கீழே ஒன்று எப்போதும் மிஞ்சியது.

"அடைத்தது போதும்,
அந்தத் திருட்டு வழிக்கே
ஓர் அறை கட்டுவோம்" என்றாள் எவுலாலியா.
கட்டினோம். முப்பத்தெட்டு.
பெயர், போக்னாவின் சந்து.
அதில் போக்னாவே நான்கு நாள் மாட்டிக்கொண்டாள்.
கெட்ட வார்த்தை ஒன்றைப் போலிஷில் அனுப்பினாள்.
எங்களுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு
இன்றுவரை கிடைக்கவில்லை.

முப்பத்தேழையும் பிறகு
மூவருமாய் ஒருவழியாகத் தைத்து முடித்தோம்.

இப்போது அக்டோபர்.
எஞ்சின் வரத் தாமதம்.
சும்மா இருப்பானேன் என்று
அதைத் திறந்தேன்.
முடியவில்லை.
பின்னால் போனேன், மறுபடி பின்னால்,
முதல் அடி வரை.
இதில் எந்தச் சுவர் என்னுடையது?
மூன்று பெட்டி நின்ற மூலை மட்டுமாவது இருக்கும் என்று தேடினேன்.
அதையும் யாரோ
கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பியிருந்தார்கள்.
யாரோ என்ன,
நானாகவும் இருக்கலாம்.

கேட்டால் விடை சொல்லிவிடுவார்கள்.
கேட்கவில்லை.
ஆந்தையைக் காலிக் கட்டத்தில்
நிறுத்தி வைத்தேன்.

வானொலி கரகரத்தது:
"ஐந்தாம் தடம். தள்ளு."