நாலு குதிரை

பெட்டி வந்து இருபத்தொன்பது நாள்.
வளைந்த அலுமினியக் குழாய் ஒன்று,
சிவப்புக் கூம்பாய் ஒரு வடிகட்டி,
இரண்டு கவ்வி, ஒரு ரப்பர் மூட்டு,
பதினோரு படங்களில் செய்முறை.
நாளையோடு திருப்பிக் கொடுக்கும் கெடு முடிகிறது.

மாட்டினால் என்ஜினுக்கு நாலு குதிரை கூடுமாம்.
முந்நூற்று நாற்பது டொலர் என்றேன்.
தயாநேசன் மனதுக்குள் வகுத்துப் பார்த்தான்.
"எண்பத்தைஞ்சு டொலருக்கு எந்தக் குதிரை வரும்?
நொண்டிதான் வரும்."

பிறகு பொறுமையாய் விளக்கினான்:
குழாயின் வாய் பம்பருக்குக் கீழே இறங்கும்,
ஏப்ரலில் பனி உருகிப் பாலத்தடியில் குளம் கட்டும்,
ஒரு மிடறு தண்ணீர் உள்ளே போனால் போதும்
என்ஜின் அந்த இடத்திலேயே படுத்துவிடும்.
அவன் சொன்னதெல்லாம் சரி.
குதிரைக்காக வாங்கவில்லை என்பதை
அவனிடம் நான் சொல்லவில்லை.

இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை
பிறர் வீட்டில் பூனைக்கால் வைத்து நடப்பது என் வேலை.
திருமதி ஹல்வர்சனின் மூச்சு ஏறி இறங்குவதைக்
கதவிடுக்கில் நின்று எண்ணுவது.
கரண்டி கோப்பையில் படாமல் தேநீர் கலக்குவது.
தும்மலை முழங்கைக்குள் புதைப்பது.
ஆறு மணிக்கு வெளியே வந்து சாவியைத் திருப்பினால்
என் மஸ்டாவும்
மன்னிப்புக் கேட்பதுபோல்தான் கிளம்புகிறது.

ஒருமுறையாவது,
செயின்ட் மேரீஸ் சாலையில் பச்சை விழும்போது,
தொண்டை திறந்து ஏதாவது ஒன்று
'இங்கே இருக்கிறேன்' என்று சொல்ல வேண்டும்.
அது நானாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

நேற்றுப் பழைய காற்றுப்பெட்டியின் மூடியைக் கழற்றினேன்.
உள்ளே ஓர் எலி குடியிருந்து போயிருந்தது.
வடிகட்டியை ஓரத்திலிருந்து கத்தரித்துப் பஞ்சு செய்து
மெத்தை போட்டிருந்தது.
மூலையில் சூரியகாந்தி விதைகள், உமி நீக்கியும் நீக்காமலும்.
நடுவே நீல நூல்.
போன குளிர்காலம் தொலைந்த என் ஒற்றைக் கையுறை.
பாலத்தைத் தவிர மேடென்று எதுவுமில்லாத இந்த ஊரில்
வண்டி ஆறு மாதமாய்த் திணறியது இதற்குத்தான்.
வாடகை தராத, சத்தமே போடாத குடித்தனக்காரி.
கூட்டைப் பிரிக்க மனமில்லாமல்
அப்படியே தூக்கி வேலியோரம் வைத்தேன்.

புது வடிகட்டி பத்தொன்பது டொலர்.
மாட்டி முடிக்க ஐந்து நிமிடம் ஆகவில்லை.
பாலத்தில் வண்டி
யாரையும் கேட்காமல் ஏறியது.

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள்.
வினிப்பெக்கில் தை பிறந்தால் காற்று இறுகும்.
மைனஸ் முப்பதில்
ஒரு மிடற்றுக்குள் ஒன்றேகால் மிடறு அடங்கும்.
நாலு குதிரை என்ன,
கூடுதலாய் இரண்டையும் இனாமாய் அவிழ்த்துவிடும்.
இரவு முழுக்கச் சுவர்ச் செருகியில் மின்சாரம் குடிக்காவிட்டால்
அன்றைக்கு வண்டியே கிளம்பாது.
அது வேறு கதை.

குதிரைக் கணக்கு இப்படித் தீர்ந்தது.
ஓசைக் கணக்கு தீரவில்லை.

இன்று விடியற்காலை, வாகனத் தரிப்பிடத்தில்,
டிக்கியைத் திறந்து குழாயை எடுத்தேன்.
உள்ளங்கையில் பனிக்கட்டிபோல் இருந்தது.
சுற்றிலும் ஆளில்லை.
வாயில் வைத்து ஊதினேன்.
முதலில் வெறும் காற்று.
உதட்டை இறுக்கி மறுபடி.
சங்குமில்லை மாடுமில்லை,
இரண்டுக்கும் பிறந்த ஏதோ ஒன்று
பன்னிரண்டு வண்டிகளின் கூரைமேல் உருண்டு போயிற்று.
மூன்றாம் மாடியில் ஒரு விளக்கு எரிந்தது.
எங்கோ ஒரு நாய் பதில் சொன்னது.
இன்னொரு தடவை ஊதினேன்.

பிறகு சட்டைக்கையால் துடைத்துப்
பெட்டிக்குள் வைத்து, ஒட்டுநாடாவை அழுத்திவிட்டேன்.
பற்றுச்சீட்டு பத்திரமாய் இருக்கிறது.
கடை ஒன்பது மணிக்குத் திறக்கும்.
எச்சில் பட்டதை எப்படித் திருப்பிக் கொடுப்பது?