வெளியீட்டாளர்: தெரியவில்லை

காவேரிப்பட்டணம் சாலை,
மாங்கூழ் ஆலையின் எடைமேடை அறை.
ஆனி மாதம், இரவு ஷிப்ட்.
கண்ணாடிக்கு வெளியே
பெங்களூரா காய் ஏற்றிய லாரிகள்
பெட்ரோல் பங்க்கையும் தாண்டி நிற்கின்றன.

ஒவ்வொரு லாரிக்கும்
எடை நிரலைப் புதிதாகத் திறக்க வேண்டும்.
திறந்தால் திரை கறுத்து
நடுவில் ஒரு பெட்டி எழும்:
இந்த நிரல் உங்கள் கணினியில்
மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா?
ஆம். இல்லை.

உங்கள் கணினியாம்.
நாற்காலியே என்னுடையதில்லை,
பகல் ஷிப்ட் தாமரைச்செல்வியின் துண்டு
அதன் முதுகில் தொங்குகிறது.

வந்த புதிதில்
ஓசூரில் இருக்கும் ரகோத்தமன் சாருக்கு
போன் போட்டேன்.
"அது உங்க பாதுகாப்புக்குத்தான்மா" என்றார்.
யாரிடமிருந்து என்று கேட்பதற்குள்
ஆரன் அடித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு விரலே பதில் சொல்லிக்கொள்ளும்.
மவுஸின் இடது காது தேய்ந்து வழுக்குகிறது.
நாற்பது லாரி, நாற்பது ஆம்.
சாப்பிட்டுக் கை கழுவி வந்தால்
பூட்டிக்கொண்டு இன்னொன்று.
ஒரு நாள் அரைத்தூக்கத்தில்
வீட்டுக்காரர் ஏதோ கேட்டாராம்,
ம் என்றேனாம்.
எழுந்து பார்த்தால்
அவர் தம்பிக்காக என் வளையல் அடகுக்கடையில்.

என்னை இரவுக்கு மாற்றியபோது
யாரும் பெட்டி எழுப்பிக் கேட்கவில்லை.
எட்டு சதக் கழிவு பத்து சதம் ஆனபோது
சந்தூர்க்காரர்களையும் கேட்கவில்லை.
என்னைக் கேட்கிற ஒரே ஆள் இதுதானே
என்று தோன்றிய ஓர் இரவில்
முதன்முதலாய் அதை முழுதாகப் படித்தேன்.
கீழே, சின்ன எழுத்தில்,
வெளியீட்டாளர்: தெரியவில்லை.

இரண்டு சீசனாக
யாரென்றே தெரியாத ஒருவருக்கா
ஆம் சொல்லிக்கொண்டிருந்தேன்?

மேடைமேல் மாதையன் வண்டி.
மணி இரண்டே கால்.
அம்புக்குறியை இல்லைக்கு நகர்த்தி
அழுத்தினேன்.

பெட்டி போய்விட்டது.
ஏன் என்று கேட்கவில்லை,
முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவில்லை.
நிரல் மட்டும் திறக்கவில்லை.
அவ்வளவு அமைதியாக ஓர் இல்லையை
என்னிடமிருந்து யாரும் வாங்கிக்கொண்டதில்லை.

அந்த அமைதி
ஒரு நிமிடம் இருந்திருக்குமா.
பின்னால் ஒன்று, இரண்டு, பிறகு எல்லா ஆரன்களும்.
அடியில் நசுங்கிய காய்களின் சாறு
மேடைத் தகட்டில் சொட்டுகிறது.
சூப்பர்வைசர் போனில்:
"ஏம்மா லைன் நிக்குது?"
"கம்ப்யூட்டர் கேட்டுச்சு சார். சொன்னேன்."
"என்னத்தச் சொன்ன?"

மாதையன் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார்.
"என்னம்மா கேக்குது அது?"
"உங்க வண்டிய எடை போடலாமான்னு."
"அத எங்கிட்டல்ல கேக்கணும்"
என்று சொல்லிவிட்டு
பீடி தேடினார்.

மறுபடி திறந்தேன்.
கறுத்தது. எழுந்தது. ஆம்.
பதினோராயிரத்து இருநூற்று நாற்பது.
சீட்டு பாதி வந்த பிறகுதான் பார்க்கிறேன்,
ஆள் இன்னும் ஜன்னலோரம் நிற்கிறார்.
காலி வண்டியை எடை போடும்போது
ஏறி உட்கார்ந்திருப்பார்,
அறுபது கிலோ காய்
காய்க்காமலே போய்விடும்.

சீட்டைக் கிழித்தேன்.
"ஏறி உக்காருங்கண்ணா, இன்னொருக்கா" என்றேன்.
பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு
அவர் ஏறும்வரை பொறுத்திருந்து
திறந்தேன்.

அனுமதிக்கிறீர்களா
என்றது.