அப்பளத்தார்

எங்கள் குடும்பத்தில் யாரும் அப்பளம் இட்டதில்லை.
ஆனாலும் நிரவியில் விசாரித்தால்
அப்பளத்தார் வீடு என்றால்தான் கைகாட்டுவார்கள்.
பள்ளிக்கூடத்தில் என்னைப்
பொரித்ததா சுட்டதா என்று கேட்பார்கள்.

அது அப்பளமே இல்லை என்றான் பெரியப்பா மகன் இலாரியோன்.
லெப்பெல்த்தியே.
கப்பலேறி வந்த பரங்கியின் பெயர்.
காரைக்காலில் கும்பினிக்குப் பீப்பாய் கட்டியவன்.
ஊர் மென்று மென்று லப்பளத்தியாராக்கி
ஒருநாள் ‘ல’வையும் விழுங்கிவிட்டது.
அவன் மகளுக்குத் தை பிறந்ததும் கல்யாணம்.
பத்திரிகையில் முழுப்பெயர் வரவேண்டும்,
ஆதாரம் நான்தான் தேடவேண்டும்.

நான் பொதுப்பணித்துறையில் லஸ்கர்.
மதகு திறப்பேன், மதகு மூடுவேன்.
மேட்டூரில் விட்ட தண்ணீர்
கும்பகோணத்துக்குக் கொடுத்து, பூந்தோட்டத்துக்குக் கொடுத்து
அரசலாற்று வழியாக எங்களிடம் வரும்போது
கணுக்காலுக்கு நிற்கும்.
பெயரும் அப்படி வந்து சேர்ந்ததுதானே,
தேய்ந்தால் தேயட்டும் என்றுதான் இருந்தேன்.

மூன்று செவ்வாய் அலைந்தபின்
கோவில்பிள்ளை அமலதாஸ் அலமாரி திறந்தார்.
மாதா கோயில் ஏடு என்று பார்க்குமா,
அதையும் துளைத்திருந்தது ராமபாணம்.
எனக்கு பிரெஞ்சு தெரியாது.
படமெடுத்து சார்செலில் இருக்கும்
தங்கை மகள் மிரேய்க்கு அனுப்பினேன்.
ரயில் சத்தத்தோடு பேசி அனுப்பினாள்:

மாமா, இதுல மரின்னு ஒரு பொண்ணு.
எட்டு வயசு இருக்கலாம்னு போட்டிருக்கு.
ஞானஸ்நானம்.
லெப்பெல்த்தியேக்குச் சொந்தம்.

சொந்தம் என்றால், மகளா?

அடுத்த ஸ்டேஷன் வரும்வரை பதில் இல்லை.

இல்ல மாமா. நம்ம சொந்தம் மாதிரி இல்ல.
மாடு சொந்தம் மாதிரி.

எந்த ஊர்ப் பிள்ளை என்று எழுதியிருந்த இடத்தில்
பூச்சி போட்ட ஓட்டை.
அதற்குள் பார்த்தால்
அடுத்த பக்கத்தில் யாரோ ஒருவருடைய சாவு தெரிந்தது.

பன்னிரண்டு வருஷம் தள்ளி இன்னொரு ஏடு:
மரியின் மகன், அந்துவான் லெப்பெல்த்தியே.
தகப்பன் என்ற இடத்தில் ஒரு கோடு,
மை தொட்டு, நிதானமாக, நேராக இழுத்த கோடு.
அவனாகவும் இருக்கலாம்.
இலாரியோன் மகளுக்குப் பூனைக்கண்தான்.
கண்ணைக் கூப்பிட்டுச் சாட்சி கேட்க முடியுமா?
பீப்பாய் கட்டுகிறவன்
கட்டி முடித்த ஒவ்வொன்றிலும்
இரும்பைக் காய்ச்சித் தன் பெயரைச் சுடுவானாம்.
இதையும் மிரேய்தான் சொன்னாள்.

இலாரியோன் இரண்டு நாள் பேசவில்லை.
மூன்றாம் நாள் போன்:
அந்த ரெண்டாவது பக்கம் மட்டும் பிரிண்ட் எடுத்து வை.

அந்த வாரம்தான் தண்ணீர் வந்தது.
பலகைக்கடியில் நுரையும் செத்தையும்
யார் வீட்டுக் காகித மாலையோ ஒன்றும் முட்டிக்கொண்டு நின்றன.
மேலே எத்தனை ஊர்.
ஏதோ ஒன்றில், நெல் இல்லாத ஒரு வருஷம்,
ஒரு எட்டு வயதைக் கைப்பிடித்துக்
கிழக்கே நடத்திக் கூட்டிவந்திருக்கிறார்கள்.
அவளை அம்மா என்ன சொல்லிக் கூப்பிட்டாள்?

பத்திரிகை வந்தது, தங்க எழுத்தில்.
அச்சுக்கோத்தவருக்கு முழுப்பெயர் பிடிபடவில்லை போல.
லெ. அப்பளத்தார் இல்லத் திருமணம்
என்று போட்டிருந்தார்.
முன்னெழுத்து என்றால் தகப்பன்.
ஏடு கோடிழுத்துவிட்ட இடத்தை
மண்டபத்தெரு அச்சகம் ஒரே எழுத்தில் நிரப்பிவிட்டது.

என் பங்குக்கு ஐம்பது பத்திரிகை.
மதகடியில் உட்கார்ந்து
ஒவ்வொன்றிலும் ‘லெ’யை அடித்து
‘ம’ என்று எழுதினேன்.
அந்தப் பெயரும் அவர்கள் வைத்ததுதான்.
வேறு எழுத்து என் கையில் இல்லை.

வீடு வீடாகக் கொடுத்தேன்.
ம யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.
சாப்பாடு எத்தனை மணிக்கு என்றார்கள்.